பஞ்சத்தை அளந்த கணக்கு: கறம்பக்குடிச் சீமையும் உணவு மதிப்பீட்டுத் தொழிலும்

எந்த வட்டாரத்தில், எத்தனை பேருக்கு, இன்னும் எத்தனை மாதத்துக்குச் சோறு பற்றாது என்று முன்கூட்டிக் கணிப்பது இன்று தனித் தொழிலாகிவிட்டது. உணவுப் பாதுகாப்பு மதிப்பீடு என்பது அதன் பெயர். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் அரசுகளும் இதற்கென்றே ஆலோசகர்களை அமர்த்துகின்றன. அவர்கள் தரும் கணக்கை வைத்துத்தான் எவ்வளவு அரிசி அனுப்புவது, பணமாகக் கொடுப்பதா பொருளாகக் கொடுப்பதா, கிடங்கை எங்கே வைப்பது என்ற நிவாரணத் திட்டம் எழுதப்படுகிறது. ரோமிலும் ஜெனீவாவிலும் பிறந்த தொழில் போலத் தோன்றினாலும், இதன் அடிப்படை விதிகளில் பல 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் பட்ட பாட்டிலிருந்து வந்தவை. மானாவாரிப் பூமியும் காவிரிப் பாசனமும் முட்டிக்கொள்ளும் கறம்பக்குடிப் பகுதியிலிருந்து பார்த்தால் இந்த வரலாறு தெளிவாகவே தெரியும்.

கறம்பக்குடி புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. எல்லை தாண்டினால் தஞ்சை மாவட்டத்தின் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம். சமஸ்தான காலத்தில் இது ஆலங்குடி தாலுகாவைச் சேர்ந்தது. புதுக்கோட்டைச் சீமைக்கு வற்றாத ஆறு கிடையாது. அக்னியாற்றில் மழைக்காலத்தில் தண்ணீர் வரும், மழை நின்றால் மணல்தான். ஆகவே 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும்தான் மாவட்டத்தின் வயிற்றைக் காத்தன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கண்மாய் நிறைந்து கலிங்கு ஓடினால் நெல் உண்டு. ஓடாவிட்டால் வரகும் கேழ்வரகும் நிலக்கடலையும் தந்ததைக் கொண்டு காலம் தள்ள வேண்டும். அதுவும் பொய்த்தால் காவிரிப் பாசன ஊர்களுக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போய்க் கூலி நெல் கொண்டுவர வேண்டும். மழை, கண்மாய், கூலி என்ற இந்த வரிசையை ஊர்க்காரர் எல்லோரும் அறிந்திருந்தார்கள். அரசாங்கம் அதை அறிந்துகொள்ளப் பல லட்சம் உயிர்கள் போக வேண்டியிருந்தது.

புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்களின் பழைய ஆட்சியில் வரி பெரும்பாலும் தானியமாகவே வசூலானது. அமானி முறை என்று அதற்குப் பெயர். அறுவடையானதும் களத்துமேட்டில் நெல் அம்பாரமாகக் குவியும், அரசின் ஆட்கள் காவலிருப்பார்கள், மேல்வாரம் பிரிந்து சர்க்கார் களஞ்சியத்துக்குப் போகும், குடிவாரம் உழுதவனுக்கு வரும். நவராத்திரி நாட்களில் அரண்மனை சார்பில் அரிசியும் அம்மன் காசு என்னும் சமஸ்தான நாணயமும் வழங்கும் வழக்கமும் இருந்தது. இதைப் பஞ்ச நிவாரணம் என்று சொல்லிவிட முடியாது. அது ராஜதர்மம், பக்தி, பெருமை எல்லாம் கலந்த ஒரு சடங்கு. ஆனால் சர்க்கார் களஞ்சியத்தில் நெல் இருந்தது என்பது சிறிய விஷயமல்ல. 1878-ல் திவானாக வந்த அ. சேஷையா சாஸ்திரி, களத்தில் நடந்த திருட்டையும் இடைத்தட்டு அதிகாரிகளின் கைவரிசையையும் காரணம் காட்டி அமானியை ஒழித்தார், வரியைப் பணமாக்கினார். நிர்வாகத்துக்கு அது நல்லது, குடியானவனுக்கும் பல வகையில் நிம்மதி. அதே நேரம் ஊரில் தங்கிய நெல் சந்தைக்குப் போக வழியும் அதுதான். பஞ்சத்தைக் கண்டுபிடிக்கக் களஞ்சியத்தை எட்டிப் பார்த்தால் போதும் என்ற காலம் போய், சந்தை விலையைப் பார்த்தாக வேண்டிய காலம் வந்தது.

அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன் வந்ததுதான் தாது வருஷப் பஞ்சம். 1876-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. வருவாய்த் துறையின் பசலி ஆண்டுக் கணக்கில் அது 1286. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் தென்பகுதி என்று பரவிய அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைவாக மதிப்பிடுவோர் 55 லட்சம் என்கிறார்கள். 80 லட்சத்துக்கு மேல் என்போரும் உண்டு. ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் கடல் கடந்த பிற காலனிகளுக்கும் போனார்கள். கஞ்சித்தொட்டி என்ற சொல் தமிழ்க் குடும்பங்களின் நினைவில் பதிந்ததில் இந்தப் பஞ்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தப் பஞ்சத்தின்போது எழுந்த ஒரு சண்டையே உணவு மதிப்பீட்டுத் தொழிலின் உண்மையான தொடக்கம். சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் சந்தையில் சத்தமில்லாமல் 30,000 டன் தானியம் வாங்கினார். வைஸ்ராய் லிட்டன் அதை வியாபாரத்தில் தலையிடுவதாகக் கண்டித்து, செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். டெம்பிள் 1874 பீகார்ப் பஞ்சத்தில் தாராளமாகச் செலவு செய்து சாவுகளைத் தடுத்தவர், அதற்காகவே ஊதாரி என்று ஏச்சு வாங்கியவர். அந்தப் பெயரைத் துடைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் சென்னைக்கு வந்தவர் நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடச் சற்றுக் குறைவு. வெயிலில் மண் சுமப்பவருக்கு இது போதும் என்பது அவர் வாதம்.

மாகாண சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் அதை மறுத்தார். ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், பருப்பும் காய்கறியும் சேர வேண்டும், இல்லாவிட்டால் உழைக்கும் உடல் தன்னைத் தானே தின்னும் என்றார். முகாம்களில் வேலையாட்களின் உடல்நிலையையும் சாவுக் கணக்கையும் சான்றாகக் காட்டினார். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சென்னை அறிக்கையை எழுதியவர் அவரே என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணத் தெரிந்த மருத்துவர் அவர். 1877 மார்ச்சில் மாகாண அரசு பாதி வழி இறங்கிவந்து 570 கிராம் தானியமும் 43 கிராம் பருப்பும் என்று மாற்றியது. ஒரு மனிதனுக்கு எவ்வளவு உணவு போதும் என்பது அறவுரையாக இல்லாமல் எடையும் சான்றும் கொண்ட அரசாங்க வழக்காக நடந்தது இங்கேதான். இன்றைக்கும் நிவாரண முகாமில் ஒருவருக்கு நாளுக்கு 2,100 கலோரி என்று திட்டமிடுவோர், தெரிந்தோ தெரியாமலோ, கார்னிஷின் பக்கம் நிற்கிறார்கள்.

பஞ்சம் முடிந்ததும் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்ச ஆணையம் அமைந்தது. அதன் அறிக்கை 1880-ல் வெளியானது. அதையொட்டி 1883-ல் முன்மாதிரிப் பஞ்ச விதித்தொகுப்பு ஒன்று தயாராகி, மாகாணங்கள் தத்தம் நிலைக்கேற்ப அதைத் திருத்திக்கொண்டன. பஞ்சம் வந்த பிறகு கஞ்சி ஊற்றுவது எப்படி என்பதோடு அந்தத் தொகுப்பு நிற்கவில்லை. வரப்போகிறது என்பதை எதைக் கொண்டு அறிவது என்றும் சொன்னது. தாலுகா அலுவலகத்து மழைமானி, தானிய விலை ஏற்றம், வியாபாரி கடன் கொடுக்க மறுப்பது, ஆடுமாடுகள் மலிந்து விற்கப்படுவது, சில்லறைத் திருட்டு கூடுவது, வேலை தேடி மக்கள் கூட்டமாக அலைவது என்று அடையாளங்களைக் கவனிக்க வைத்தது. இவற்றில் பாதி இன்றைய ஆலோசகரின் வினாப்பட்டியலிலும் இருக்கிறது.

விதித்தொகுப்பில் இன்னும் சாமர்த்தியமான ஏற்பாடு சோதனை வேலை. சந்தேகம் உள்ள வட்டாரத்தில் குளம் வெட்டும் வேலையோ ரோடு போடும் வேலையோ திறப்பார்கள். கூலி பிழைப்புக்கு மட்டும், வேலையோ கடினம். ஆட்கள் வராவிட்டால் பஞ்சம் இல்லை என்று பொருள். திரண்டு வந்தால் உண்மையிலேயே பசி இருக்கிறது, முழு நிவாரணம் தொடங்கலாம். கணக்கெடுப்பும் களஆய்வும் இல்லாமல் மக்களே வந்து தங்கள் நிலையைக் காட்டிவிடுவார்கள். கெட்டிக்காரத்தனம்தான், கூடவே கொடுமையும். நடக்கத் தெம்பில்லாத முதியவரும் பிரசவித்தவளும் சோதனை வேலைக்கு வர மாட்டார்கள். அவர்களுக்கென்று ஊரிலேயே இலவச உதவி என்ற தனிப் பிரிவு வைக்கப்பட்டது. அந்தப் பட்டியலை எழுதியவர்கள் கிராம அதிகாரிகள், ஆகவே ஊரின் சாதி மேல்கீழ்களும் பட்டியலில் ஏறியது இயல்பு.

எல்லாக் கணக்குக்கும் அடியில் இருந்தவர் ஊர்க் கணக்கரான கர்ணம். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, என்ன நிலை என்று அடங்கலில் எழுதுவார். அது தாலுகாவில் கூடி, ஜில்லாவில் கூடி, பருவமும் பயிரும் பற்றிய மாகாண அறிக்கையாகும். ஆண்டுக்கொரு முறை ஜமாபந்தியில் கணக்கைச் சரிபார்ப்பார்கள். உச்சியில் எத்தனை நிபுணர் உட்கார்ந்தாலும் அடியில் கர்ணம் வரப்பில் நடந்து எழுதியதுதான் மூலம். நடக்காமல் திண்ணையிலிருந்து எழுதிய கர்ணங்களும் இருந்தார்கள். அவர்களுடைய பிழையும் மேலே போகப் போகப் புள்ளிவிவரமாகிவிடும்.

1934-ல் காவிரி மேட்டூர் திட்டம் முடிந்து, கல்லணைக் கால்வாய் என்னும் புது ஆறு ஒரத்தநாட்டையும் பட்டுக்கோட்டையையும் கடந்து இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள மேற்பனைக்காடு, நாகுடிப் பக்கம் வரை தண்ணீர் கொண்டுபோனது. கறம்பக்குடியைச் சுற்றிய மேட்டு நிலத்தில் பெரும்பகுதி மானாவாரியாகவே தங்கிவிட்டது. ஆனால் அண்டையில் நெற்பரப்பு பெருகியதால் கூலிக்குப் போக இடம் கூடியது. மழை பொய்த்த ஆண்டிலும் மேட்டூரில் தண்ணீர் இருந்தால் இந்தப் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியும். மழைமானியை மட்டும் பார்த்து இந்த வட்டாரத்தைக் கணிப்பவர் ஏமாந்துபோவார் என்பதற்குக் காரணம் இதுவே.

பசியை உடலுக்குள் அளக்கும் கலையும் தமிழ்நாட்டு மலையொன்றிலிருந்தே உலகுக்குப் போனது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கு 1935-ல் வாலஸ் அய்க்ராய்ட் பொறுப்பேற்றார். இந்திய உணவுகளின் சத்து அட்டவணை அங்கே தயாரானது. வரகில் எவ்வளவு, கேழ்வரகில் எவ்வளவு, தீட்டிய அரிசியில் எது போய்விடுகிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார்கள். அய்க்ராய்ட் 1943 வங்கப் பஞ்சம் பற்றிய விசாரணை ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார், பிறகு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு முதல் இயக்குநரானார். வங்கத்தில் விதித்தொகுப்பு கையில் இருந்தும் பஞ்சம் அறிவிக்கப்படவில்லை, முப்பது லட்சம் பேர் வரை மாண்டார்கள். பஞ்சம் என்று அறிவித்தால் அரசு தானியம் கொடுத்தாக வேண்டும், கொடுக்கத் தானியம் இல்லை என்பது அன்றைய நியாயம். அளவுகோல் இருப்பதும் அதைப் பயன்படுத்துவதும் வேறு வேறு.

சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. இடையில் நாடு முழுக்க உணவுத் தட்டுப்பாடு, 1965-ல் இந்திய உணவுக் கழகம், 1967 தேர்தலையே புரட்டிய அரிசிப் பிரச்சினை, 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் எல்லாம் வந்தன. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது.

வெளிநாட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்று தமிழ்நாட்டின் பசியை ஆராய வந்ததும் இதே காலத்தில்தான். அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமை பணம் கொடுத்து, சிட்னி கேன்டர் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வை நடத்தியது. அறிக்கை 1973-ல் வந்தது. விளைச்சல், சந்தை, வருமானம், சமையல், பந்தி வரிசை, நோய் என்று எல்லாவற்றையும் ஒரே அமைப்பின் உறுப்புகளாக வைத்துப் பார்த்தது அதன் புதுமை. மாநிலத்தில் உணவு கூடினால் பிள்ளைக்கும் தானே கூடிவிடும் என்ற நம்பிக்கையை அது உடைத்தது. தாய்ப்பாலோடு வேறு உணவும் கேட்கும் வயதில், மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைதான் மிகவும் பின்தங்குகிறது என்று காட்டியது. பள்ளிக்கு வரும் பிள்ளைக்குத்தான் அரசு சோறு போட்டுக்கொண்டிருந்தது. அதைவிடச் சின்னது அரசின் கண்ணில் படவில்லை.

அந்த ஆய்வின் வழியில் 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதித்துப் பார்த்து, கலோரி நுகர்வு குறைந்த ஆறு மாவட்டங்களுக்கு விரித்தார்கள். புதுக்கோட்டை அவற்றுள் ஒன்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையை மாதந்தோறும் தராசில் நிறுத்து, எடையை அட்டையில் குறிப்பார்கள். கோடு ஏறினால் சரி. ஏறாமல் நின்றால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாளைக்குச் சத்துருண்டை. எல்லோருக்கும் எப்போதும் என்பதற்குப் பதில், தேவைப்பட்டவருக்குத் தேவைப்பட்டபோது. ஆனால் தமிழக அரசியல் இந்தச் சிக்கனத்தை ஏற்கவில்லை. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தேவை, தேவையில்லை என்று பிரிக்காமல் விரித்தார். நிபுணர்கள் முகம் சுளித்தார்கள். நாற்பது ஆண்டு கழித்துப் பார்த்தால், பந்தியில் யாரையும் எழுப்பாத முறையே நிலைத்திருக்கிறது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1980 நவம்பரில், பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டுத் தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார். அடங்கல் மட்டும் மாறவில்லை.

1981-ல் அமர்த்தியா சென் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து, உணவு இல்லாததால் மட்டுமல்ல, உணவை வாங்கும் வகை இல்லாமல் போவதாலும் மக்கள் சாகிறார்கள் என்று நிறுவினார். 1883 விதித்தொகுப்பு கூலி வேலையை நிவாரணமாக வைத்ததற்குள் அந்த உண்மை ஏற்கெனவே ஒளிந்திருந்தது. எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பின் 1985-ல் அமெரிக்கா முன்னெச்சரிக்கை வலைப்பின்னல் ஒன்றை ஏற்படுத்தியது. 2004-ல் சோமாலியாவில் உணவு வேளாண் அமைப்பின் பிரிவொன்று ஐந்து கட்ட அளவுகோலை வகுத்தது. அதன்படி ஐந்தாம் கட்டமான பஞ்சத்தை அறிவிக்க, 20 சதவீதக் குடும்பங்கள் உணவின்றித் தவிக்க வேண்டும், 30 சதவீதக் குழந்தைகள் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும், நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் இருவர் சாக வேண்டும். கேட்கவே கூசும் கணக்கு. ஆனால் கணக்கு இல்லாத இடத்தில் மறுப்பது சுலபம் என்பதற்கு 1943 சாட்சி.

குடும்ப அளவில் உலக உணவுத் திட்டம் கையாளும் மதிப்பெண் முறை இன்னும் எளிது. கடந்த ஏழு நாளில் எந்த உணவு வகையை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, தானியத்துக்கு நாளுக்கு 2, பருப்புக்கு 3, காய்க்கு 1, இறைச்சி, மீன், முட்டைக்கு 4, பாலுக்கு 4, எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அரை அரை என்று பெருக்குவார்கள். தினமும் ரேஷன் அரிசிச் சோறு, தினமும் ஏதோ ஒரு காய், தாளிக்க எண்ணெய், டீக்குச் சர்க்கரை, வாரத்தில் இரண்டு நாள் சாம்பார் என்று இருக்கும் வீட்டுக்கு 34 வரும். 35-க்கு மேல் போனால்தான் போதுமான உணவு என்பது வழக்கமான வரம்பு. எண்ணெயும் சர்க்கரையும் அன்றாடம் புழங்கும் நாடுகளில் வரம்பை 42-க்கு உயர்த்துவார்கள். டீயில் ஊற்றும் பால் கணக்கில் சேராது. வயிறு நிறைந்த அந்த வீடு இரண்டு வரம்பின்படியும் விளிம்பு நிலையில்தான் நிற்கும். அரிசி தாராளமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டின் இன்றைய குறை என்னவென்று இந்த எண் சரியாகவே காட்டுகிறது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது, 140 ஆண்டுகளில் இல்லாத வறட்சி. 2017 ஜனவரி 10-ல் தமிழக அரசு மாவட்டங்களை வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. தாது வருஷத்தோடு ஒப்பிடத்தக்க மழைக்குறைவு, ஆனால் கஞ்சித்தொட்டி திறக்கவில்லை. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம், அட்டை எல்லாத் தரப்புக்கும் உண்டு, நூறு நாள் வேலையை வறட்சிக் காலத்தில் கூட்டித் தரவும் சட்டத்தில் இடமிருந்தது. சோதனை வேலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே வேலை கேட்பது உரிமை என்பதே.

அடுத்த அடி காற்றில் வந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபின் கறம்பக்குடி, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து மேட்டு நிலங்களில் தென்னந்தோப்புகள் நிறைந்திருந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் அவற்றைச் சாய்த்துப் போட்டது. மத்தியக் குழு மதிப்பீட்டுக்கு வந்தது. மாநில அரசு கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். விழுந்த மரமொன்றுக்கு 600 ரூபாயும் அதை அப்புறப்படுத்த 500 ரூபாயும், ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாயும் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. நட்ட தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். நிலத்துக்காரருக்கு இழப்பீடும், ஊடுபயிரும் ஓரளவு கைகொடுக்கும். தேங்காய் பறித்தும் மட்டை உரித்தும் பிழைத்தவருக்கு இழந்தது மரமல்ல, அந்த ஐந்தாறு ஆண்டுக் கூலி. மரத்தை எண்ணிய பட்டியலில் அதற்கு வரி கிடையாது.

2022-ல் இலங்கை நெருக்கடியின்போது உணவு வேளாண் அமைப்பும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து மதிப்பிட்டு 63 லட்சம் பேர் போதிய உணவின்றி இருப்பதாகக் கணக்கிட்டன. தமிழ்நாடு அறிவித்த 40,000 டன் அரிசியின் முதல் கப்பல் அந்த அறிக்கை வருவதற்கு முன்பே, மே 18-ல், 9,000 டன்னோடு சென்னையிலிருந்து கிளம்பிவிட்டது. 2024-ல் பயிர்க் கணக்கைக் கைப்பேசியில் ஏற்றும் வேலைக்குத் தமிழ்நாட்டில் வேளாண் கல்லூரி மாணவர்கள் வயலுக்கு அனுப்பப்பட்டார்கள். நூற்றைம்பது ஆண்டில் அடங்கல் காகிதத்திலிருந்து திரைக்கு மாறியிருக்கிறது. நிலமும் பயிரும் அதில் உண்டு, அந்த நிலத்தில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி என்ற பத்தி இன்னும் இல்லை. கறம்பக்குடி போன்ற வட்டாரங்களைப் பற்றி எழுதப்படும் எந்த உணவு மதிப்பீட்டிலும் பலவீனமான இடம் அதுவே.